பெரில் மலையேறிய வியாழக்கிழமை

மலையின் முன் மனிதர் அனைவரும் சமம்.

டரக் மலை உச்சியில், பனிச்சறுக்கு கிளப்பின் விடுதி வாசலுக்கு மேல், இந்த வாசகம் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு தகடு: உறுப்பினர்கள் மட்டும்.

பெரில் ஹாட்ச் அந்த விடுதியில் முப்பத்தொரு குளிர்காலம் சமைத்தாள். ஒருநாள்கூட முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கம் கிடையாது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அப்போதைய தலைவர் யாரோ, "உனக்குச் சமையலறைக் கதவுதாம்மா கிட்ட" என்று அக்கறையாகச் சொன்னாராம். அந்த அக்கறை முப்பத்தொரு வருஷம் நீடித்தது.

மலைச்சாலை தொடங்குகிற இடத்தில், டயருக்கு மாட்டும் பனிச்சங்கிலியை வாடகைக்குக் கொடுக்கும் கடை என்னுடையது. பெரிலுக்கு மலையேற என் வண்டிதான். விறகும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஏற்றிய என் பிக்கப்பில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழிநெடுக உறுப்பினர்களைப் போல் பேசிக் காட்டுவாள். முன்வாசல் விஷயத்தில் அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. "அந்த வழியா போனா பூட்ஸக் கழட்டணும் விவ். மூட்டையத் தூக்கிட்டு எவ பூட்ஸ் கழட்டுவா?" என்பாள்.

ஜூலையில், எங்கள் குளிர்காலத்தின் நடுவில், ஆஸ்பத்திரியில், அவளுடைய கடைசி வாரத்தில், கணவர் நெவிலிடம் சொன்னாள்: "ஒருதடவை அந்த முன்வாசல் வழியா போய்ப் பாத்திருக்கலாம் நெவ். உள்ள என்ன தங்கமா வச்சிருக்கானுங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

நெவில் மர அறுவை ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். வேடிக்கைப் பேச்சு அவருக்குச் சட்டென்று பிடிபடாது. பெரில் சொல்லும் ஜோக்குகளுக்கு மறுநாள் சிரிப்பார். இதற்குச் சிரிக்க மறுநாள் வாய்க்கவில்லை. அவள் போய்விட்டாள். பேச்சு அவரிடம் கடைசி ஆசையாகத் தங்கிவிட்டது.

பாதிரியாரிடம் போவதற்கு முன்னால் என் கடைக்கு வந்தார்.

"விவ், அவள முன்வாசல் வழியா கொண்டுபோகணும்."

"எந்த முன்வாசல்?"

"மேலதான். கிளப்புல."

"பெட்டியோடவா?"

"பின்ன, நடந்தா வருவா?"

கேலியில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

கிளப்பின் தலைவர் ரோட்ரிக் ஆஷ்பி, மெல்பர்னில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிராளி வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் உரையாடல்களில் முப்பத்தைந்து வருஷம் பழகியதால், மற்ற வகை உரையாடல்கள் அவருக்குச் சரிப்பட்டு வருவதில்லை. நெவில் கேட்டதும் அவர் மறுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உருகிப்போனார். கமிட்டியைக் கூட்டினார். மூன்றாம் நாள் தடித்த தாளில் கடிதம் வந்தது: பெரில் அம்மையாருக்குக் கௌரவ வாழ்நாள் உறுப்பினர் தகுதி வழங்கப்படுகிறது. இறுதி வழிபாடு விடுதியின் பெரிய கூடத்தில் நடக்கும். கிளப் கோட்டு அணிந்த ஆறு உறுப்பினர்கள் பனிச்சறுக்குக் கோல்களை உயர்த்தி வளைவு பிடிக்க, அவர் முன்வாசல் வழியாக எழுந்தருளுவார். அமரர் ஊர்திக்குச் சங்கிலி மாட்டும் பொறுப்பைத் தலைவரே, கௌரவச் சங்கிலி அலுவலர் என்ற முறையில், ஏற்கிறார்.

அப்படி ஒரு பதவி இருந்தது. அதையும் அவர்தான் வகித்தார்.

நெவில் கடிதத்தை என்னிடம் காட்டினார். "எழுந்தருளுவார்னா?"

"உள்ள வருவான்னு அர்த்தம்."

"அத எழுதிருக்கலாமே," என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சவ வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. புதுசு. கறுப்பு. பக்கத்து வீட்டு வேலிவரை நீண்டது. ஓட்டி வந்தவள் லோரெட்டா, நாற்பது வயசு, நகரத்து இறுதிச்சடங்குக் கம்பெனிக்காரி. பக்கத்து இருக்கையில் நெவில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் பெரில்.

"அக்கா, வண்டி வந்து ரெண்டு வாரந்தான் ஆவுது. நான் பனியில ஓட்டுனதே இல்ல," என்றாள் லோரெட்டா.

"பயப்படாத. மெதுவா போ. நாப்பதுக்கு மேல போகாத. உள்ள இருக்கறவளுக்கு அவசரம் கிடையாது."

நான் தரையில் படுத்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களைப் படித்தேன். டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல்தான் போயிற்று. தடித்த சங்கிலி போட்டால் உள்ளே உரசி எல்லாவற்றையும் கிழித்துவிடும், மெல்லியதுதான் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. ஏணிப்படி மாதிரிக் குறுக்குக் கம்பிகள் வைத்தது நேர்ச்சாலையில் பிடிக்கும், வளைவில் பக்கவாட்டில் வழுக்கும். வைரக்கட்டமாகப் பின்னியது எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடிக்கும். கடையிலேயே புதிதாக இருந்த வைரக்கட்டச் சங்கிலியை எடுத்தேன். ஒவ்வொரு கண்ணியாகத் தடவி, முறுக்கு இல்லையென்று பார்த்துப் பையில் போட்டேன். பெரிலுக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

லோரெட்டா பையை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இத எந்த சக்கரத்துல மாட்டணும்? முன்னயா, பின்னயா?"

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: வண்டியை எந்தச் சக்கரம் இழுக்கிறதோ, அதில். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று தெரியாவிட்டால், எஞ்சின் மூடியைத் திற, நான் பார்க்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு சுற்றுலாக்காரனிடமும் இதைச் சொல்லி வருகிறேன். வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக் கதவு திறந்தது.

கிளப் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் பட்டுத்துணி. தலைவர்.

"பின்சக்கரம்," என்றார். "சவ வண்டின்னா பின்சக்கரம்தாம்மா இழுக்கும். எழுபத்தி நாலாம் வருஷத்துப் பனிப்புயல்ல பிஷப்போட பெட்டிய ஏத்துனது யாருன்னு இந்தப் பள்ளத்தாக்குல யாரையாச்சும் கேட்டுப் பாரு."

யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை அவரே வருஷாவருஷம் சொல்வார். ஆனால் அவர் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் சவ வண்டி என்றால் ஆறு சிலிண்டர் வைத்த பெரிய உள்ளூர்க் கார்தான். எல்லாமே பின்சக்கர இழுவை. என் அப்பா போனதும் அப்படி ஒன்றில்தான். வெளியூர்க்காரன் என்றால் மூன்று தடவை கேட்டிருப்பேன். எங்களுக்குள் நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. அது அவமானப்படுத்துகிற மாதிரி. அதோடு, உண்மையைச் சொல்வதானால், அந்த வெள்ளைக் காற்சட்டை சேற்றுப்பனியில் மண்டியிடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. சவ வண்டிக்குப் பின்னால் தலைவரின் கார் போக, கடையைப் பூட்டிவிட்டு என் பிக்கப்பில் நானும் பின்னாலேயே போனேன்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் சாலையோரம் அகலமாக ஒதுக்கியிருக்கிறார்கள், வண்டிகள் நின்று சங்கிலி மாட்டுவதற்கு. அன்று பதினைந்து இருபது கார்கள் நின்றன. சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் சண்டை போடும் வழக்கமான காட்சி. சவ வண்டி உள்ளே வந்ததும் சண்டைகள் நின்றன. சிலர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்கள்.

கூட்டத்தைக் கண்டதும் தலைவர் நிமிர்ந்தார். ரப்பர் விரிப்பைப் போட்டு, பின்சக்கரத்தருகே மண்டியிட்டார். "எல்லாரும் கவனிச்சுக்குங்க. கொக்கியோட வாய் வெளிப்பக்கம் பாக்கணும், டயரக் குத்தக்கூடாது."

நெவில் பக்கத்தில் போய் நின்றார். "நான் ஏதாச்சும் பிடிக்கட்டுமா?"

"நீங்க துக்கத்துல இருக்கீங்க நெவில். சும்மா நில்லுங்க."

நெவில் சும்மா நின்றார். துக்கத்தில் இருக்கிறவனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

மஞ்சள் கோட்டு போட்ட சுற்றுலாக்காரி ஒருத்தி, தலைவரே எழுதி கிளப் அச்சடித்த வழிகாட்டி அட்டையைக் கையில் வைத்திருந்தாள். "சார், இதுல முதல் வரியிலயே, எந்தச் சக்கரம் இழுக்குதுன்னு முதல்ல பாருங்கன்னு போட்டிருக்கே? நீங்க பாக்கலியே?"

"அது தெரியாதவங்களுக்கும்மா," என்றார் தலைவர், தலையைத் திருப்பாமல்.

நான் சிரித்தேன். அவளைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

மாட்டிய விதத்தில் குறை சொல்ல முடியாது. டயருக்குப் பின்னால் இருக்கும் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். பல் டாக்டரின் விரல். ஒரே தடவையில் மாட்டிவிட்டார். ரப்பர் பட்டையை இழுத்து, ஐந்து கொக்கிகளிலும் சமமாக விறைக்கும்படி மாட்டினார். நூறு மீட்டர் ஓடவிட்டு, மறுபடி இறங்கி இறுக்கினார். அவ்வளவு நேர்த்தியாகச் சங்கிலி மாட்டிய வண்டியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் வளைவு தாண்டிற்று. இரண்டாவதும். மூன்றாவது வளைவில் சாலை செங்குத்தாக ஏறும். அங்கே சவ வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் காற்றாடி மாதிரிச் சுற்ற ஆரம்பித்தன. பனி வாரியடித்தது. பின்சக்கரங்கள் புதுச் சங்கிலியோடு, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி, சும்மா இருந்தன. வண்டி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு அதே நிதானத்தோடு பின்னால் நழுவி, பக்கவாட்டில் திரும்பி, ஓரத்துப் பனிமேட்டில் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டது.

உள்ளே பெட்டி ஓரத்தில் இடித்ததாம். சின்னச் சத்தம்தான் என்று லோரெட்டா பிறகு சொன்னாள். நெவில் இருக்கையில் திரும்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஒண்ணுமில்ல பெரில். ஒண்ணுமில்ல," என்றாராம்.

நான் இறங்கி ஓடினேன். முன்சக்கரங்களைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்துப் புது வண்டி. எந்த நாட்டில் செய்ததோ, முன்சக்கர இழுவை.

லோரெட்டா கண்ணாடியை இறக்கினாள். அழவில்லை, கத்தவில்லை. "அக்கா, காலையில உங்ககிட்ட கேட்டேன்ல?"

"கேட்ட."

ஆயிரக்கணக்கான பேரிடம் சொன்ன ஒரு வரி. பெரிலைக் கொண்டுபோக வந்தவளிடம் சொல்லவில்லை.

சாலைப் பராமரிப்பு ஆள் மிக், டிராக்டரோடு வந்து சேர்ந்தான். சுற்றிவந்து பார்த்தான். "எவன்யா இதுக்குப் பின்னாடி மாட்டுனது? ஊருக்குப் புதுசா?"

தலைவர் பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டார். "ரோட்டுல அடியில ஐஸ் இருக்கு," என்றார்.

"மேலயும் இருக்கு சார். ஆகஸ்ட்டு மாசம்."

கயிறு கட்டி, பின்னாலேயே ஒதுக்கிடம் வரைக்கும் இறக்கினான். இறக்கும்போது வலப்பக்கத்துச் சங்கிலி அறுந்து அச்சில் சுற்றிக்கொண்டு, பிரேக் குழாயையும் கிழித்துவிட்டது. முன்சக்கரத்துக்கு மாற்றி மாட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. மேலே விடுதியில், கோல்களைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் பத்து மணியிலிருந்து வாசலில் நிற்பதாகத் தலைவருக்குப் போன் வந்தது.

"என் பிக்கப் இருக்கு. நாலு சக்கரமும் இழுக்கும். விறக இறக்கிட்டா பெட்டி நீட்டமா வைக்கலாம்," என்றேன்.

லோரெட்டா நெவிலைப் பார்த்தாள். "கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவாங்க. ஆனா நீங்க சரின்னு சொன்னா, நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்."

"அவ எப்பவும் இதுலதான போவா," என்றார் நெவில். அதற்குள் இரண்டு விறகுக்கட்டைகளை இறக்கிவிட்டார்.

தலைவர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். வாழ்நாள் உறுப்பினர் ஒருத்தரு விறகு வண்டியில வந்து இறங்கறதா? இதுவரைக்கும் நடந்ததில்ல. நான் தனியா முடிவெடுக்க முடியாது."

"தலைவரே, அவ அதே விறகு வண்டியிலதான் முப்பத்தோரு வருஷம் வந்து இறங்குனா."

"அப்ப அவங்க உறுப்பினர் இல்லியேம்மா."

அவர் போனில் கமிட்டியைக் கூட்டினார். கோல் பிடித்து நின்ற ஆறு பேருமே கமிட்டிக்காரர்கள். வாசலில் நின்றபடியே விவாதித்தார்கள். பிக்கப்பின் மேல் கிளப் கொடியைப் போர்த்தலாமா என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். கொடி சலவைக்குப் போயிருப்பதாக இன்னொருவர் தெரிவித்தார். நெவிலும் நானும் லோரெட்டாவும் விறகு முழுவதையும் இறக்கி முடித்தோம். துடைப்பத்தால் தளத்தைப் பெருக்கினேன். நெவில் தன் மேல்கோட்டைக் கழற்றி, பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் விரித்தார். காற்று எழும்பிவிட்டிருந்தது, மேலே மரங்கள் கூச்சலிடுவது கேட்டது.

இருபத்தைந்தாவது நிமிஷம் தலைவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். முகம் மலர்ந்திருந்தது. "ஆதரவு அஞ்சு, எதிர்ப்பு ரெண்டு. தீர்மானம் நிறைவேறிடுச்சு நெவில்."

அதே சமயம் மிக் சாலையின் குறுக்கே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான்.

"மேல மரம் விழுது," என்றான். "மூடச் சொல்லிட்டாங்க. நாளைக்குத்தான்."

"மிக், இது சவ ஊர்வலம்ப்பா," என்றேன்.

"தெரியும் விவ். பெரில எனக்குத் தெரியாதா? அவ சூப்பு குடிக்காத ஆளு இந்த ரோட்டுல உண்டா? ஆனா ஆம்புலன்ஸ் மட்டும்தான் விடலாம்."

"அதுக்கு லேட்டாயிடுச்சே," என்றார் நெவில்.

மிக் தொப்பியைக் கழற்றினான். ஆனால் கதவைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் கூடாது, அரைமணி நேரத்தில் ஐந்தாவது வளைவில் ஒரு மரம் சாலை முழுவதையும் மறித்து விழுந்தது. இருபத்தைந்து நிமிஷம் முன்னால் கிளம்பியிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

தகனத்துக்கு மூன்று மணி குறித்திருந்தது. நாளைவரை காத்திருக்க வழியில்லை. ஆகவே வழிபாடு அங்கேயே, சங்கிலி மாட்டும் இடத்தில், குப்பைத் தொட்டிகளுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நடந்தது. கதவு மூடியதால் கீழே திரும்ப வேண்டிய கார்க்காரர்கள் சிலர் நின்றார்கள். மஞ்சள் கோட்டுக்காரி நின்றாள். அட்டையை எங்கோ மறைத்துவிட்டிருந்தாள். தலைவர் உரையை எடுத்தார். நாலு பக்கம். கிளப்பின் தோற்றம், மலையின் சமத்துவம், அடுப்படியில் ஒளிர்ந்த தொண்டு. இரண்டாம் பக்கத்தில் பனி தாளை நனைத்து மையைக் கரைத்தது. அவர் நினைவிலிருந்து தொடர்ந்தார்.

நெவில் கோட்டில்லாமல் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு முன்னால் வந்து தலைவரின் கையைத் தொட்டார்.

"போதும் சார். அவளுக்குக் குளிரும்."

யாரும் அதைத் திருத்தவில்லை. தலைவர் தாளை மடித்தார். அப்போதுதான் முதல்முறையாக அவருடைய வாய் பேச்சில்லாமல் திறந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளைக் காற்சட்டை முழங்காலில் கறுத்திருந்தது. பார்க்க ஆசைப்பட்டு வந்த காட்சி அது. பார்த்துவிட்டேன்.

பெரிலைக் கீழே கொண்டுபோகக் கம்பெனியின் பழைய வண்டி வந்தது. அது பின்சக்கர வண்டி.

நெவில் என்னோடு பிக்கப்பில் வந்தார். கடை தெரிகிற இடத்தில் கேட்டார்: "விவ், நீ அந்த முன்வாசல் வழியா போயிருக்கியா?"

நானும் விறகைப் பின்பக்கம்தான் இறக்குவேன். "போயிருக்கேன்," என்றேன்.

"உள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணுமில்ல நெவில். பூட்ஸ் நாத்தம்."

அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் அதைப்பற்றி அவர் கேட்கவில்லை. கிளப் ஆண்டறிக்கையில் அவர் மனைவியின் பெயர் வாழ்நாள் உறுப்பினர் வரிசையில், மறைந்தோர் பகுதியில் வந்தது. தலைவர் சங்கிலி அலுவலர் பதவியை, உடல்நிலை காரணமாக, விட்டுக்கொடுத்தார். முழங்கால் என்று சொன்னார்கள்.

அக்டோபரில், பனி உருகி விடுதி காலியான பிறகு, மிச்ச விறகை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். நான் முன்வாசல் வழியாகப் போனேன். கதவைத் திறந்தால் பூட்ஸ் அறை. இரண்டடி வைத்ததும் சுவர். அங்கே வலப்பக்கம் சட்டென்று திரும்பி, பலகை அடுக்குகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் கூடத்துக்குள் போக முடியும். பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து அளந்தேன். எழுபத்தொரு சென்டிமீட்டர். ஆறடிப் பெட்டி அங்கே திரும்பாது, எந்தப் பக்கம் சாய்த்தாலும்.

வண்டி மேலே வந்து சேர்ந்திருந்தாலும், பெரிலைச் சமையலறைக் கதவு வழியாகத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.